மாவு புளிக்காத ஊர்

எங்கள் ஊரில் அழுகுவது நின்றுபோனது சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதை முதலில் கண்டுபிடித்தது மனிதர்கள் இல்லை, ஈக்கள்தான். வழக்கம்போல மீன் மார்க்கெட்டுக்கு வந்து, வழக்கம்போல ஒவ்வொரு கூடையிலும் உட்கார்ந்து பார்த்து, இங்கே இனி நமக்கு வேலையில்லை என்று தெரிந்துகொண்டு, பதினோரு மணிக்குள் ஒரே கூட்டமாகக் கிளம்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டன. திரும்பி வரவில்லை. ஊருக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் மீன் கெடவில்லை, அதற்கு மறுநாளும் கெடவில்லை, ஒரு வாரம் கழித்தும் செவுள் சிவப்பாக, கண் பளபளவென்று அப்போது பிடித்த மாதிரியே கிடந்தது. மீன்காரப் பெண்கள் ஐஸ் வாங்குவதை நிறுத்தினார்கள். ஐஸ் ஃபேக்டரிக்காரர் நாலு நாள் எல்லாரையும் திட்டித் தீர்த்துவிட்டு அதே கட்டடத்தில் செல்போன் கவர் விற்க உட்கார்ந்தார். மண்டபத்தில் கல்யாணத்துக்கு வைத்த சாம்பாரை அடுத்த மாதம் ஒரு காதுகுத்துக்கும் ஊற்றினார்கள், ஒருத்தருக்கும் வயிறு வலிக்கவில்லை. பைபாஸில் லாரி அடித்துப் போட்ட செவலை நாய் தூங்குகிற மாதிரியே மாதக்கணக்கில் கிடந்தது. ஸ்கூல் பிள்ளைகள் அதற்கு ஜிம்மி என்று பேர் வைத்தார்கள், யாரோ நெற்றியில் பொட்டு வைத்தார்கள், மழைக்காலம் வந்ததும் யாரோ பக்கத்தில் ஒரு குடையை விரித்துக் கட்டினார்கள்.

ஈ போனதும் பல்லி போனது. புழு இல்லாமல் கோழி மெலிந்தது, தவளை இல்லாமல் பாம்பு போனது, கடைசியாகக் காக்கைகள் போயின. அமாவாசைக்கு மதில்மேல் வைத்த சோறு எடுக்க ஆளில்லாமல் அப்படியே இருந்தது, அழுகவும் இல்லை, காயவும் இல்லை, அதைக் கையால் எடுத்துப் போட யாருக்கும் மனசு வரவில்லை, அதனால் அடுத்த அமாவாசைக்கு அதன் பக்கத்திலேயே இன்னொரு இலை வைத்தார்கள். மூன்று மாதத்தில் மேலத்தெரு மதில் முழுக்க வரிசையாக இலைகள். பார்த்தால் பந்தி போட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிட மறந்த மாதிரி இருக்கும்.

ஏன் நின்றது என்று கேட்காதீர்கள். பேரூராட்சிக்குத் தூய்மை விருது வேண்டும் என்று எங்கள் உரக்கிடங்கில் நாற்றம் போக்கும் மருந்து என்று ஒன்றை டிரம் டிரம்மாக ஊற்றினார்கள், அதனால்தான் என்பது எங்கள் காலனியில் சொல்வது. ஊருக்குள் கேட்டால் அம்மன் அருள் என்பார்கள். காரணம் கண்டுபிடித்து எழுதினால் ஐந்து மார்க் வரும், வேறொன்றும் வராது.

உரக்கிடங்கு என்பது ஊருக்கு வெளியே, ஆற்றங்கரையில், நாலு குழி. வீடுகளில் சேருகிற மக்கும் குப்பையை அதில் கொட்டி, சாணிக் கரைசல் தெளித்து, கிளறி, உரமாக்க வேண்டும். அந்த வேலையைப் பன்னிரண்டு வருஷமாகச் செய்தவர்கள் இரண்டு பேர்: என் அம்மா அங்கம்மா, அவளைவிடப் பத்து வயது மூத்த ரங்கம்மா பெரியம்மா. காலையில் தெருத்தெருவாக வண்டி தள்ளிக் குப்பை வாங்குவார்கள். வண்டி வந்தால் வீட்டுக்குள்ளிருந்து "குப்பை வந்துருக்கு" என்று குரல் கேட்கும். குப்பையைக் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள், ஆனால் வந்திருப்பது குப்பை. பன்னிரண்டு வருஷம் என் அம்மாவின் பேர் அதுதான்.

கையுறை ஒருமுறை கொடுத்தார்கள். அது கிழிந்த பிறகு கொடுக்கவில்லை. தினமும் காலையில் குழியில் முழங்கை வரை வெறும் கையை விட்டுச் சூடு பார்ப்பாள் அம்மா. நன்றாக மக்குகிற குழி உள்ளே கொதிக்கும், கையை எடுத்தால் ஆவி வரும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்த்து, ஈரம் போதும், போதாது என்பாள். மருந்து ஊற்றச் சொன்ன அன்றைக்கு மூன்று குழியில் ஊற்றினார்கள். நாலாம் குழி வேப்பமரத்தடியில் ஓரமாக இருந்தது. "இதுல புழு நல்லா இருக்கு, பாவம்," என்று சொல்லி அம்மா அந்த டிரம்மைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். மூன்று குழியும் மறுநாளே சில்லென்று ஆகிவிட்டன, போட்ட வாழைப்பழத் தோல் போட்ட நிறத்திலேயே இருந்தது. நாலாம் குழி மட்டும் சுட்டது.

நான் அப்போது ஸ்கூலை விட்டு இரண்டு மாதம். பேர் சிந்துஜா, பிளஸ் ஒன், உயிரியல் குரூப். விட்டதற்குப் பெரிய கதையெல்லாம் இல்லை. சுகந்தி மிஸ் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டார். அடியில் புல், அதற்கு மேல் வெட்டுக்கிளி, மேலே தவளை, மேலே பாம்பு, உச்சியில் கழுகு. கீழே இருப்பதில் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போகும், அதனால் மேலே ஒருவர் இருக்க வேண்டும் என்றால் கீழே நிறையப் பேர் இருக்க வேண்டும் என்றார். பிறகு முக்கோணத்துக்கு வெளியே, ஓரமாக, ஒரு சின்னக் கட்டம் போட்டு அதில் சிதைப்பவை என்று எழுதினார். ஏன் மிஸ் அது மட்டும் வெளியே என்று நான் கேட்டேன். "அது எல்லா மட்டத்துக்கும் பொது, அதான் ஓரத்துல," என்றார். எடுத்துக்காட்டு சொல்லுங்கள் என்றார். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன், "சிந்துஜா அம்மா, மிஸ்," என்றான். வகுப்பு சிரித்தது. மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, திரும்பி நின்று அடக்கிக்கொண்டு, பாக்டீரியா, பூஞ்சை என்று எழுதினார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் வீட்டுக்கு வரவில்லை.

ஊர் எதற்கு அழுதது என்று சொல்கிறேன். வாழைத்தோப்பில் குலை சிறுத்தது, அதற்கு அழவில்லை. உதிர்ந்த இலை உதிர்ந்தபடியே முழங்கால் உயரத்துக்குக் கிடந்து, மண்ணுக்கு ஒன்றும் போகாமல், மரங்கள் கீழிருந்து மேலாக மஞ்சளாகின, அதற்கும் அழவில்லை. செப்டிக் டேங்குகள் நிரம்பி வழிந்தபோது மூக்கைச் சுளித்துவிட்டு லாரிக்குப் போன் செய்தார்கள். அழுதது இட்லிக்கு. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஊருக்குள் ஒரு வீட்டிலும் மாவு புளிக்கவில்லை, ஒரு வீட்டிலும் பால் உறையவில்லை. அரைத்து வைத்த மாவு எத்தனை நாள் ஆனாலும் அரைத்த மாவாகவே இருந்தது. இட்லி ஊற்றினால் பிண்ணாக்கு மாதிரி வந்தது. வெளியூர் மாவை வாங்கி வந்தால் பாலத்தைத் தாண்டும்போது அடங்கிப்போனது. ஒன்பது வாரம் ஊரே ரவை உப்புமா தின்றது. முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் மட்டும் மாவு பொங்கியது. அம்மா கரைத்து வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். பழைய சோறும் புளித்தது. மாவைக் கையால் கரைத்தால்தான் புளிக்கும், கைச்சூடு வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான், அதனால் நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வெளியிலும் சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு காலை, சுகந்தி மிஸ் வீட்டில் புளிக்காத மாவை ஒரு வாளி நிறையக் கொட்டக் கொடுத்தார்கள். அம்மா கையாலேயே வழித்து வண்டியில் போட்டாள். அடுத்த தெருவுக்குள் திரும்புவதற்குள் அந்த மாவு வெயிலில் முனகிக்கொண்டு எழுந்தது, வண்டியின் விளிம்பைத் தாண்டியது, சக்கரத்தின் மேல் வழிந்து ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே வந்தது. அதன் வாசனை ஜன்னல்களுக்குள் போனது. ஒன்பது வாரமாக அந்தப் புளித்த வாசனையை மோந்து பார்க்காத ஜனங்கள் பல் தேய்த்தது பாதியில், தலை சீவியது பாதியில் வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் குப்பை வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். அம்மா திரும்பிப் பார்த்தால் ஐம்பது பேர். ஏதோ திருடிவிட்டதாக நினைத்துத் துரத்துகிறார்கள் என்று பயந்துபோய் வண்டியை வேகமாகத் தள்ளியிருக்கிறாள். அவர்களும் வேகமாக நடந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மத்தியானமே பேரூராட்சி அலுவலகத்தில் கூட்டம். தலைவி பேருக்கு உட்கார்ந்திருந்தார், பேசியது அவர் வீட்டுக்காரர் தங்கவேலு. ஊரில் தலைவர் என்றால் அவர்தான்.

"ஊரு சொத்துன்னு ஆத்தைச் சொல்றோம், கோயிலைச் சொல்றோம். இப்ப அங்கம்மா கையும் ரங்கம்மா கையும் ஊரு சொத்து. இதுல மேலத்தெரு கீழத்தெருன்னு கிடையாது. எல்லா வீட்டுக்கும் கை வந்து சேரும்," என்றார். கைதட்டினார்கள். அம்மாவும் பெரியம்மாவும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள்.

அப்புறம்தான் ஊரின் மூளை வேலை செய்தது. கை வேண்டும், ஆனால் கையோடு வருகிற ஆள் வீட்டுக்குள் வரக் கூடாது. முதலில் எல்லாரும் மாவுப் பாத்திரத்தை வாசலில் வைத்தார்கள். தெருவில் போகிறவர்கள் கண் படும், தூசி விழும் என்று பேச்சு வந்தது. பிறகு சமையலறை ஜன்னலில் ஒரு கம்பியை வெட்டி எடுத்தார்கள். அம்மா வெளியே சந்தில் நின்றுகொண்டு கையை மட்டும் உள்ளே விட வேண்டும், உள்ளே பாத்திரத்தை உயர்த்திப் பிடிப்பார்கள். வெல்டிங் கடைக்காரருக்கு அந்த மாதம் நல்ல வேலை. ஆயிரத்துச் சொச்சம் வீட்டில் ஆயிரத்துச் சொச்சம் ஜன்னலில் ஒவ்வொரு கம்பி இல்லை. இன்றைக்கும் போனால் பார்க்கலாம்.

முதல் நாள் கையுறை கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷம் மலத்தையும் கண்ணாடித் துண்டையும் வெறும் கையில் அள்ளியபோது வராத கையுறை, நீல நிறத்தில், பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. மாவு புளிக்கவில்லை. மறுநாள் கையுறை வேண்டாம், டெட்டால் போட்டு மூன்று முறை கழுவினால் போதும் என்றார்கள். புளிக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து ஊற்றினார்கள், ஒரு வீட்டில் கங்கா ஜலம் செம்பையே உடைத்தார்கள். புளிக்கவில்லை. கழுவக் கழுவக் கையிலிருந்து அது போய்விடுகிறது, திரும்ப நாலாம் குழியில் விட்டு எடுத்தால்தான் வருகிறது என்று ஒரு வாரம் கழித்து ஒப்புக்கொண்டார்கள்.

அதற்கும் ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. குழியிலிருந்து அப்படியே வந்த கை ஜன்னலுக்குள் நுழையும்போது வீட்டில் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கை போனதும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கவில்லை, அதனால் நடக்கவில்லை. மேலும், ஆவியில் வெந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், நெருப்புக்கு மேல் சுத்தம் எது என்று ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சொன்னார், அது எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஊர் இட்லி தின்றது. தயிர் தின்றது. ஊரின் முகம் மாறியது.

கையால் புளித்த மாவில் ஒரு கரண்டி மிச்சம் வைத்து அடுத்த மாவில் கலந்தால் அது தொடராது, ஒவ்வொரு தடவையும் கையே வேண்டும். அதனால் தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, அம்மாவும் பெரியம்மாவும் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணி வரைக்கும் ஜன்னல் ஜன்னலாகப் போவார்கள். குழிகளைப் பார்க்க நேரமில்லை. நான்தான் காலையில் நாலாம் குழியில் கையை விட்டு, கிளறி, தண்ணீர் தெளித்து, சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆடி முடிவதற்குள் ரங்கம்மா பெரியம்மாவுக்கு நகங்கள் இல்லை.

வலிக்கவில்லை, ரத்தம் வரவில்லை. சோப்பு கரைகிற மாதிரி, ஒவ்வொரு மாவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை தங்கிவிட்டது. நகம் போனது, பிறகு விரல் நுனி, பிறகு விரல். பெரியம்மாதான் முதலில் சிரித்தாள். "எட்டணா சோப்பு கூட என்னைவிட மெதுவாத்தான்டி தேயும்," என்றாள். எங்கேயாவது எதையாவது தின்னாமல் புளிப்பு வருமா என்று அம்மா கேட்டாள். ஏதோ ஒன்று மக்கினால்தான் இன்னொன்று பொங்கும், பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் பார்த்தோம் என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

புரட்டாசியில் பெரியம்மாவுக்கு இரண்டு கையும் மணிக்கட்டோடு முடிந்தது. பேரூராட்சியில் விழா எடுத்தார்கள். தங்கவேலு பொன்னாடை போர்த்தினார். ஜரிகைத் துணி வழுக்கி ஒரு தோளிலிருந்து இறங்கியது, பெரியம்மா அதைத் தூக்கிவிட்டுக்கொள்ளப் பார்த்தாள், கை இல்லை, மறுபக்கம் திரும்பிப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. போட்டோக்காரர், "அம்மா, அசையாம நில்லுங்க," என்றார். பொன்னாடை தரையில் விழுந்ததை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் மேடை ஏறி எடுத்தேன். எடுத்து அந்தத் துணியால் பெரியம்மாவின் மூக்கைத் துடைத்துவிட்டேன், பத்து நிமிஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

பிறகு எல்லா ஜன்னலும் அம்மாவுக்கு.

"போதும்மா. நாளையிலேருந்து போகாத," என்று சொன்னேன். அப்போது அவளுக்கு இடது கையில் இரண்டு விரல், வலது கையில் மூன்று.

"ஏண்டி?"

"ஏண்டின்னு கேக்குற பாரு. கையை எண்ணிப் பாரும்மா."

"எண்ணுறதுக்கு என்ன, அஞ்சுக்குள்ளதான்," என்று சிரித்தாள். பிறகு, "இன்னிக்கு வசந்தாம்மா வீட்டு ஜன்னல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? 'அங்கம்மா, சாப்ட்டியா'ன்னு கேட்டாங்க. பேரைச் சொல்லிக் கேட்டாங்க சிந்து."

"சோறு போட்டாங்களா?"

"கேட்டாங்கன்றேன்."

"முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் கேட்டிருப்பாங்க."

எனக்கு வாயை அடக்கத் தெரியாது, எப்போதுமே தெரியாது. "பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளுதானே வேணும், நான் கூப்பிடுறேன். அங்கம்மா, அங்கம்மா, அங்கம்மா. போதுமா? கையை வீட்ல வை," என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. மிச்சமிருந்த விரல்களால் என் கன்னத்தைத் தடவினாள், தடவிய இடம் சுட்டது.

ஐப்பசி பிறந்ததும் வேப்பமரத்து இலை முழுக்கப் பழுத்துவிட்டது. நாலாம் குழியும் ஆறிக்கொண்டே வந்தது, என் ஒருத்தியின் நாலு மாதக் கை அதற்குப் போதவில்லை. அம்மா ஒரு காலை அந்தக் குழியில் குனிந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது முடிவு செய்திருந்தாள். மிச்சமிருக்கிற கையை ஒரு வாரம், காலையிலிருந்து சாயங்காலம் வரை, இந்தக் குழியிலேயே வைக்கப் போகிறேன் என்றாள். இங்கே சூடு ஏறினால் நடுச்சுவரைத் தாண்டி மூணாம் குழிக்குப் போகும், பிறகு மரத்துக்குப் போகும், வேர் வழியாக ரோட்டுக்கு அடியில் போய் ஊருக்குள் எல்லா மண்ணிலும் ஏறும், அப்புறம் யார் கையும் வேண்டாம், அவரவர் மாவு அவரவர் வீட்டில் தானாகப் புளிக்கும் என்றாள். படித்தவளில்லை. ஆற்றல் ஒரே திசையில் மேலே போய்த் தீர்ந்துவிடும், பொருள் மட்டும்தான் மண்ணுக்கு வந்து சுற்றும் என்று புத்தகத்தில் இருக்கிற பாடத்தை அவள் குழியில் படித்திருந்தாள்.

இதைச் சொல்லத் தங்கவேலுவிடம் அவளே போனாள். நானும் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல யோசனை என்றார். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்றார். பிறகு காலண்டரைப் பார்த்தார்.

"வர்ற வியாழக்கிழமை தீபாவளி அங்கம்மா."

அம்மாவும் காலண்டரைப் பார்த்தாள்.

"தீபாவளி அன்னிக்குக் காலைல இட்லியும் கறிக்குழம்பும் இல்லாம எந்த வீட்டுல விடியும்? சொல்லு. மருமகப் பிள்ளைங்க வருவாங்க, வெளியூரு ஜனம் வரும், ஒவ்வொரு வீட்டுலயும் மூணு பங்கு மாவு. பண்டிகை முடியட்டும். மறுநாளே நீ குழிக்குப் போ, நானே வண்டில கொண்டுவந்து விடுறேன்."

"அதுக்குள்ள கை தீந்துரும் சார்," என்றேன்.

"பெரியவங்க பேசுறப்ப நீ எதுக்கும்மா," என்றார். "அங்கம்மா, ஊரே உன்னை நம்பி இருக்கு."

ஊரே உன்னை நம்பி இருக்கு. அந்த ஒரு வரியில் அம்மா போய்விட்டாள், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேயிருக்கும்போது போனாள். புதன்கிழமை காலை ஆறு மணிக்கே தொடங்கி மேலத்தெரு, கடைவீதி, அக்ரகாரம், காந்தி நகர் விரிவாக்கம் என்று ஜன்னல் ஜன்னலாகப் போனாள், அண்டா அண்டாவாக மாவு தூக்கிப் பிடித்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இன்னும் கொஞ்சம் கலக்கு அங்கம்மா என்றார்கள், சம்பந்தி வீட்டாருக்கும் சேர்த்துக் கரைத்துவிடு அங்கம்மா என்றார்கள், அங்கம்மா அங்கம்மா என்று அன்றைக்கு ஒரு நாளில் அவள் பேரைச் சொன்ன அளவுக்கு அவளைப் பெற்றவர்கள்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள், கடைசி ஜன்னலில் அவளிடம் மிச்சமிருந்தது வலது கட்டைவிரல் ஒன்றுதான், அந்த வீட்டுக்காரர்களிடம் இரண்டு பாத்திரம் இருந்தது.

மறுநாள் காலை ஊர் முழுக்க வெடிச் சத்தம். இட்லி பூ மாதிரி வந்ததாகச் சொன்னார்கள். பத்து மணிக்குள் என் அம்மாவின் கையை ஊர் தின்று முடித்துக் கை கழுவியது.

வெள்ளிக்கிழமை வண்டி வரவில்லை. தங்கவேலுவுக்குச் சளியாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்தார்கள். தங்கவேலு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், இன்னும் ஏழெட்டுப் பேர், பின்னால் ஒரு டிபன் கேரியரோடு சுகந்தி மிஸ். காலனிக்குள் அவர்களில் யாரும் அதுவரை வந்ததில்லை, எங்கே கால் வைப்பது என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். நான் உரக்கிடங்கில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் அங்கே நடந்தார்கள். அம்மாவும் பின்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, உனக்கும் அந்தக் கை இருக்குன்னு சொல்றாங்க," என்றார் தங்கவேலு.

"இருக்கு." எனக்குப் பொய் வராது.

"நல்லதாப் போச்சு. உங்கம்மா வேலையை உனக்குக் கருணை அடிப்படையில போட்டுத் தர்றோம். நிரந்தரமா. உங்கம்மாவுக்குக் கிடைக்காத நிரந்தரம்."

"எத்தனை மாசத்துக்கு நிரந்தரம் சார்?"

யாரோ இருமினார். சுகந்தி மிஸ் முன்னால் வந்தார். "சிந்துஜா, கோபம் வேண்டாம். நீ நல்லாப் படிக்கிற பிள்ளை. உன்னை மறுபடியும் ஸ்கூல்ல சேர்க்க நான் பேசறேன். காலைல ஸ்கூல், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மட்டும்..."

"மிஸ், நீங்க போட்ட முக்கோணத்துல நான் எங்க இருக்கேன்?"

மிஸ் டிபன் கேரியரைக் கை மாற்றிப் பிடித்தார்.

"சரி, ஒரு வழி இருக்கு," என்றேன். "இந்தக் கை பிறக்கும்போதே வந்தது இல்ல. வெறும் கையைத் தினமும் இந்தக் குழில முழங்கை வரைக்கும் விட்டா உங்களுக்கும் வரும். எனக்கே சில மாசத்துல வந்துச்சு. ஊர்ல நாலாயிரம் பேரு இருக்கீங்க, எட்டாயிரம் கை. எல்லாரும் வெச்சா ஒருத்தர் கையும் தேயாது, ஆளுக்கு ஒரு நகம்கூடப் போகாது. குழியும் சூடாகும். மரமும் பிழைக்கும். வைங்க."

நாலாம் குழியில் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே மீன் தலை, சாணி, அழுகின முட்டைக்கோஸ், வெள்ளையாக நெளிகிற புழு, ஊரில் வேறெங்கும் இல்லாத உயிரெல்லாம் அதில்தான் இருந்தது. ஹெட்மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். தங்கவேலு தன் மோதிரத்தைப் பார்த்தார்.

சுகந்தி மிஸ் மட்டும் டிபன் கேரியரைக் கீழே வைத்தார். வளையலை மேலே ஏற்றினார். குழி ஓரத்தில் குந்தினார். அந்தச் சின்னக் கட்டத்தைப் போட்ட அதே கை, சாக்பீஸ் பிடிக்கிற விரல், மெதுவாகக் குழிக்கு மேலே வந்தது, ஆவி பட்டது, இன்னும் ஒரு சாண் இறங்கினால் போதும். உண்மையைச் சொன்னால், வைத்துவிடு மிஸ் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். எல்லாத்தையும் மறந்துவிடுகிறேன், நாளைக்கே ஸ்கூலுக்கு வருகிறேன் என்றுகூட நினைத்தேன்.

ஒரு புழு தலையைத் தூக்கியது. மிஸ் கையை இழுத்துக்கொண்டார். எதுவும் படாத அந்தக் கையைப் புடவையில் இரண்டு முறை துடைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார், அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள், பரவாயில்லை டீச்சர் என்கிற மாதிரி. அந்தச் சிரிப்பை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்காதது யாரை என்று சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். ஊர் உப்புமாவுக்குத் திரும்பியது. கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், பிறகு எங்கள் ஊர் உப்புமாவுக்கு ஒரு தனி ருசி என்று சொல்ல ஆரம்பித்தார்கள், தை மாதம் பேரூராட்சி மைதானத்தில் உப்புமாத் திருவிழா நடத்தினார்கள். தூய்மை விருதும் வந்தது. ஈ இல்லாத ஊர் என்று பைபாஸில் பாலத்துப் பக்கம் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஜிம்மி கிடக்கிறது, இந்தப் பக்கம் பலகை. மஞ்சளான மரங்களை வெட்டி எடுத்த இடத்தில் பிளாஸ்டிக்கில் பச்சையாகப் போட்டிருக்கிறார்கள், அதுவும் அழுகாதுதான். ஜன்னலில் இல்லாமல் போன கம்பியை மட்டும் யாரும் திரும்ப வைக்கவில்லை. எனக்காக வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் இவளுக்கும் அலுத்துப்போகும், யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று நினைக்கிறார்கள்.

போக மாட்டேன்.

காலையில் நாலாம் குழியில் கை வைக்கிறேன். வேப்பமரத்தின் அடியில், குழிப் பக்கத்து வேரில், ஒரே ஒரு துளிர் வந்திருக்கிறது, என் சுண்டுவிரல் நீளம். அது ஊருக்குள் போய்ச் சேர எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது, என் கை அவ்வளவு நாள் இருக்குமா என்றும் தெரியாது. குழிக்கு வைப்பது குழிக்கு. மிச்சம் வீட்டுக்கு.

அம்மாவுக்குப் பழைய சோறு இல்லாமல் ஆகாது. தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை நான்தான் கையை விட்டுப் பிசைந்து வைக்கிறேன், விடிந்தால் புளித்திருக்கும். எட்டு மணிக்கு ரங்கம்மா பெரியம்மாவும் வந்துவிடுவாள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்காருவார்கள், நான் நடுவில் உட்கார்ந்து மாறி மாறி ஊட்டுவேன். வெங்காயத்தைக் கடித்துக்கொள்ள வாய்க்கு நேராகப் பிடிக்க வேண்டும், பெரியம்மா ஒவ்வொரு நாளும் என் விரலையும் சேர்த்துக் கடிப்பாள், கடித்துவிட்டு, "உப்பு போதலடி," என்பாள்.

போன வாரம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா வாயைத் திறக்காமல் என் கையையே பார்த்தாள்.

"சிந்து. கையைக் காட்டு."

"சோத்துக் கைம்மா."

"சுண்டுவிரலைக் காட்டுடி."

சோற்றுக்குள் விரலை மடக்கிக்கொண்டேன். நகம் போய் மூன்று நாள் ஆகிறது. வலிக்கவில்லை, சொன்ன மாதிரி சோப்பு கரைவதுபோலத்தான்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "நீ வாயைத் தொற."